வளையத்தின் நடுவே ஓர் உலோகம்



செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. மணற்பாங்கான மண்ணில் நிற்கும் சில மரங்களில் அடிமட்டைகள் ஆரஞ்சும் மஞ்சளுமாக மாறிப்போகும். வெயில் படும் ஓலை மஞ்சளாகும். மேல்மட்டையின் நிழல் விழுந்த ஓலையோ பச்சையாகவே இருக்கும். கண்டதும் கீசரைட் உரம் போடச் சொல்வார்கள். அந்த உரத்தில் இருப்பது மக்னீசியம். இலையின் பச்சை நிறத்துக்குக் காரணமான பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நட்டநடுவே ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. மண்ணில் மக்னீசியம் குறைந்தால் மரம் முதிர்ந்த மட்டைகளிலிருந்து அதை எடுத்து இளங்குருத்துக்கு அனுப்பிவிடுகிறது. முதிர்ந்த மட்டை வெளிறிப்போகிறது.

நம் இரத்தத்திலும் இதே மாதிரியான அமைப்பு உண்டு. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்னும் பொருளின் நடுவே இருப்பது இரும்பு அணு. உடலில் இரும்பு குறைந்தால் சோகை வருகிறது. ஒன்று இலை, மற்றொன்று இரத்தம். ஒன்று பச்சை, மற்றொன்று சிவப்பு. ஆயினும் உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் சட்டம் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தச் சட்டத்துக்குப் போர்ஃபிரின் என்று பெயர். ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹான்ஸ் ஃபிஷர் இந்தக் குடும்பத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1929-இல் ஹீமின் என்னும் பொருளை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கினார். மறு ஆண்டு, 1930-இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வளையத்தை மனிதன் தன் விருப்பப்படி மாற்றியமைத்து, நம் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.யின் மேல் கொண்டுபோய் வைத்தால் என்ன நடக்கும்? இன்றைய பேச்சின் பொருள் அதுதான்.

முதலில் வளையத்தின் அமைப்பைப் பார்ப்போம். வாசலில் நான்கு இதழ்க் கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இதழும் ஐந்து மூலை கொண்ட ஒரு சிறு வளையம்; அதில் நான்கு கரி அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் இருக்கின்றன. இதழுக்கும் இதழுக்கும் இடையே ஒரு கரி அணு பாலமாக நின்று இணைக்கிறது. நான்கு நைட்ரஜன்களும் உள்முகமாகத் திரும்பி, நடுவில் ஓர் இடத்தை விட்டுவைக்கின்றன. கோலத்தின் நடுப்புள்ளி இருக்க வேண்டிய அந்த இடத்தில்தான் உலோக அணு அமர்கிறது. இரும்பு, மக்னீசியம் மட்டுமல்ல. செம்பு, நிக்கல், துத்தநாகம், மாங்கனீஸ், கோபால்ட் என்று பல உலோகங்களை அங்கே உட்கார வைக்கலாம். கோலம் தரையில் கிடப்பது போலவே இந்த வளையமும் தட்டையானது. இந்தத் தட்டைத்தன்மையை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரப்போகும் செய்திகள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை.

டி.என்.ஏ.யைப் பற்றி நேயர்கள் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். முறுக்கிவிட்ட நூலேணி போன்றது அது. ஏணியின் இரு பக்கக் கயிறுகளும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறிமாறிக் கோத்தவை. படிகளாக இருப்பவை இணை இணையாக நிற்கும் காரங்கள். அடினைன் என்பது தைமினோடு சேரும். குவானைன் என்பது சைட்டோசினோடு சேரும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள இடைவெளி 0.34 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். ஏணி முறுக்கிக்கொண்டிருப்பதால் அதன் வெளிப்புறத்தில் இரண்டு பள்ளங்கள் சுற்றிச்சுற்றி ஓடுகின்றன. ஒன்று அகலமானது, மற்றொன்று குறுகலானது. பாஸ்பேட்டுகளால் டி.என்.ஏ. முழுவதும் எதிர்மின்னேற்றம் பெற்றிருக்கிறது.

எதிர்மின்னேற்றம் உள்ள பொருளை நோக்கி நேர்மின்னேற்றம் உள்ள பொருள் இழுக்கப்படும் அல்லவா? ஆகவே இரசாயன அறிஞர்கள் போர்ஃபிரின் வளையத்தின் நான்கு பாலங்களிலும் மீதைல் பிரிடினியம் என்னும் நான்கு கைகளை ஒட்டவைத்தார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு நேர்மின்னேற்றம். எண்ணெய் போலத் தண்ணீரில் கரையாதிருந்த வளையம், இந்தக் கைகள் வந்ததும் தண்ணீரில் நன்றாகக் கரைந்தது, டி.என்.ஏ.யைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளவும் செய்தது. 1979-இல் அமெரிக்காவில் ஃபீல் என்பவரும் அவருடைய குழுவினரும், இத்தகைய வளையம் ஏணியின் படிகளுக்கிடையே செருகிக்கொள்கிறது என்பதற்கான சான்றுகளை வெளியிட்டார்கள். படிகளுக்கிடையே தட்டையான சாயப்பொருள்கள் செருகிக்கொள்ளும் என்ற கருத்தை 1961-இலேயே லெர்மன் என்பவர் கூறியிருந்தார். ஆனால் அவர் கண்டவை சிறிய மூலக்கூறுகள். இவ்வளவு பெரிய வளையம் உள்ளே நுழையும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உலோகத்தின் வேலை தெரியவந்தது. 1983-இல் பாஸ்டர்னாக், கிப்ஸ், வில்லாஃபிராங்கா ஆகிய மூவர், ஒரே வளையத்தில் வெவ்வேறு உலோகங்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உலோகமே இல்லாத வளையமும், செம்பு அல்லது நிக்கல் வைத்த வளையமும் படிகளுக்கிடையே செருகிக்கொண்டன. அதுவும் குவானைன்-சைட்டோசின் இணைகள் உள்ள இடங்களில். துத்தநாகம், மாங்கனீஸ், இரும்பு, கோபால்ட் வைத்தவையோ உள்ளே போகவில்லை. அவை வெளியே, அடினைன்-தைமின் இணைகள் நெருக்கமாக உள்ள இடங்களில், தங்கிவிட்டன.

ஏன் இந்த வேறுபாடு? ஒரு வெற்றிலைக் கவுளியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கின் நடுவே இன்னொரு வெற்றிலையைச் செருகுவது எளிது. அதே வெற்றிலையின் மேல் ஒரு கொட்டைப்பாக்கை ஒட்டிவைத்துச் செருகிப் பாருங்கள், போகாது. செம்பும் நிக்கலும் வளையத்தின் நான்கு நைட்ரஜன்களோடு திருப்தியடைந்துவிடுகின்றன. மாங்கனீஸ், இரும்பு, கோபால்ட் ஆகியவை அப்படி அல்ல. அவை வளையத்துக்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறைப் பிடித்துவைத்துக்கொள்ளும். துத்தநாகம் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர்தான் பாக்கு. வெற்றிலை தட்டையாக இல்லாமற் போகிறது. அடுக்கினுள் நுழைய முடியவில்லை. அடினைன்-தைமின் தொடர்ந்து வரும் இடத்தில் குறுகிய பள்ளம் இன்னும் ஒடுங்கி, எதிர்மின்னேற்றம் மிகுந்து இருக்கிறது. குவானைனுக்கு உரிய துருத்தலும் அங்கே இல்லை. ஆகவே நுழைய முடியாத வளையங்கள் அங்கே ஒதுங்குகின்றன.

உலோகத்தை விட்டுவிட்டு, கைகளை மாற்றினாலும் இதே பாடம் கிடைக்கிறது. கையில் உள்ள மீதைல் தொகுதியை வளையத்துக்கு மிக அருகில் இருக்கும்படி அமைத்தால், கை திரும்ப முடியாமல் வளையத்துக்குக் குறுக்கே விறைத்து நின்றுவிடுகிறது. அப்போது உலோகமே இல்லாவிட்டாலும் வளையம் படிகளுக்கிடையே நுழைவதில்லை.

கண்ணால் காண முடியாத இந்தச் செய்கைகளை எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. போர்ஃபிரின்கள் எல்லாம் நிறமுள்ளவை. ஏறத்தாழ 420 நானோமீட்டர் அலைநீளம் உள்ள நீல ஊதா ஒளியை அவை மிக வலுவாக விழுங்கும். இரத்தத்தில் இதை 1883-இல் சோரே என்பவர் கண்டறிந்ததால் அதற்குச் சோரே பட்டை என்றே பெயர். வளையம் படிகளுக்கிடையே நுழைந்தால் இந்தப் பட்டை சிவப்புப் பக்கமாக 15 நானோமீட்டருக்கு மேல் நகரும். அதன் வலிமையும் பெரிதும் குறையும். வெளியே ஒட்டிக்கொண்டால் நகர்வு சிறிதாகவே இருக்கும். முறுக்கிய ஒளியைக் கொண்டு செய்யும் இன்னொரு சோதனையில், உள்ளே நுழைந்தது எதிர்க்குறியும், பள்ளத்தில் தங்கியது நேர்க்குறியும் காட்டும். நிறம் மாறுவதைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம்.

1996-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செம்பு வளையத்தை ஆறு படிகள் மட்டுமே கொண்ட ஒரு சிறு டி.என்.ஏ. துண்டோடு சேர்த்துப் படிகமாக்கி, எக்ஸ் கதிரால் படம் பிடித்தார்கள். அதில் கண்டது எளிய செருகல் அல்ல. வளையத்தின் ஒரு பாதிதான் உள்ளே இருந்தது. ஒரு சைட்டோசின் தன் இணையை விட்டு ஏணிக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தது. பெரிய விருந்தாளி வந்ததும் வீட்டுக்காரர் திண்ணைக்குப் போன கதை அது.

இனி வெட்டும் வேலைக்கு வருவோம். ஒட்டிக்கொள்வது வேறு, வெட்டுவது வேறு.

இதை அளப்பதற்கு ஓர் அழகான முறை இருக்கிறது. பாக்டீரியாக்களில் வளையமாக மூடிய சிறு டி.என்.ஏ. உண்டு. ஆய்வுக்கூடங்களில் அதிகம் பயன்படும் ஒன்றில் 4,361 படிகள் உள்ளன. அது ரப்பர் வளையத்தைப் பலமுறை முறுக்கிவிட்டது போலச் சுருண்டு கச்சிதமாக இருக்கும். அகார் கூழில் வைத்து மின்சாரம் செலுத்தினால், சுருண்டு கிடப்பதால் விரைந்து ஓடும். இரண்டு இழைகளில் ஏதேனும் ஒன்றில் ஒரே ஓர் இடத்தில் வெட்டு விழுந்தாலும் போதும், முறுக்கு முழுவதும் அவிழ்ந்து அது அகன்ற வளையமாகிவிடும். கூழில் பின்தங்கிப் போகும். இரண்டு இழைகளும் நேருக்கு நேர் அறுந்தால் நீளக் கயிறாகி, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில் ஓடும். நாலாயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் விழுந்த ஒற்றை வெட்டைச் சாதாரணக் கூழில் கண்டுபிடித்துவிடும் இந்தச் சோதனையை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

இந்தச் சோதனையைக் கொண்டு பார்த்தபோது எதிர்பாராத ஒரு செய்தி வெளிப்பட்டது. ஃபீல் குழுவினர் 1982-இலும், டப்ரோவியாக் குழுவினர் 1986-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வகையில் முக்கியமானவை. உள்ளே ஆழமாக நுழைந்து உட்காரும் செம்பும் நிக்கலும்தாம் நன்றாக வெட்டும் என்று நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறானது. அவை வெட்டவில்லை. வெளியே பள்ளத்தில் ஒதுங்கியிருந்த மாங்கனீஸ், இரும்பு, கோபால்ட் வளையங்களே, துணைப்பொருள் ஒன்று கிடைத்ததும் டி.என்.ஏ.யை வெட்டின.

காரணம் அதே பாக்குதான். உலோகத்தின் மேலும் கீழும் இருந்த அந்த இடம் நுழைவதற்குத் தடையாக இருந்தது. ஆனால் ஆக்சிஜனைப் பிடிப்பதற்கு அதுவே கைப்பிடியாகிறது. தண்ணீரை விலக்கிவிட்டு அங்கே ஓர் ஆக்சிஜன் அணு வந்து அமர்ந்தால், மாங்கனீசும் இரும்பும் தங்கள் மின்னேற்ற நிலையை உயர்த்திக்கொண்டு அதைத் தாங்கி நிற்கும். இந்த நிலையில் உள்ள ஆக்சிஜன் கடும்பசியோடு இருக்கும். அருகில் எந்த ஹைட்ரஜன் கிடைத்தாலும் பறித்துக்கொள்ளும். செம்பு, நிக்கல் வளையங்களில் ஆக்சிஜனுக்கு அப்படி உட்கார இடம் இல்லை.

பிரான்ஸ் நாட்டின் துலூஸ் நகரில் பெர்னார் மெனியேயும் அவருடைய குழுவினரும் மாங்கனீஸ் வளையத்தை மிக விரிவாக ஆராய்ந்தார்கள். ஆக்சிஜன் தரும் துணைப்பொருளாக அவர்கள் எடுத்துக்கொண்டது பொட்டாசியம் மோனோபெர்சல்பேட் என்னும் உப்பு. நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்வதற்கும் இந்த உப்பு பயன்படுவது உண்டு. அடினைன்-தைமின் இணைகள் மூன்று அடுத்தடுத்து வரும் இடமே மாங்கனீஸ் வளையத்துக்கு விருப்பமான இருக்கை என்று அவர்கள் கண்டார்கள். அங்கே குறுகிய பள்ளத்தில் அமர்ந்துகொண்டு, ஏணியின் பக்கக் கயிற்றில் உள்ள சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜனை அது பறிக்கிறது. காரங்கள் எழுதிய செய்தி அப்படியே இருக்க, அவற்றைக் கோத்திருக்கும் சர்க்கரை உடைந்துபோகிறது. சர்க்கரை உடைந்தால் கயிறு அறுந்தது என்று பொருள்.

ஓர் இழை மட்டும் அறுந்தால் உயிரணு பெரிதாகக் கவலைப்படுவதில்லை. எதிர் இழையைப் பார்த்து அதைப் பழுதுபார்த்துக்கொள்ளும். இரண்டு இழைகளும் அருகருகே அறுந்தால்தான் ஆபத்து. புற்றுநோய் மருத்துவத்தில் இதற்கு மதிப்பு வந்தது இதனால்தான். ஜப்பானிய விஞ்ஞானி உமெசாவா, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்து 1966-இல் அறிவித்த பிளியோமைசின் என்னும் மருந்து, இப்படித்தான் வேலை செய்கிறது. அதில் போர்ஃபிரின் வளையம் இல்லை. ஆனால் நைட்ரஜன்கள் ஓர் இரும்பு அணுவைப் பிடித்துக்கொண்டு, அந்த இரும்பு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, டி.என்.ஏ.யின் சர்க்கரையைத் தாக்குகிறது. விரைப்புற்றுநோயிலும் சிலவகை நிணநீர்ப் புற்றுநோய்களிலும் அது உயிர்காக்கும் மருந்தாயிற்று. கூடவே, நுரையீரலைத் தழும்பாக்கிக் கெடுக்கும் தீமையும் அதற்கு உண்டு. அதே வேலையைச் செய்யும் எளிய மாற்று ஒன்றை உருவாக்க முடியுமா என்ற எண்ணத்தோடுதான் மெனியே போன்றோர் உலோகப் போர்ஃபிரின்களை நாடினார்கள்.

மருந்தாயிற்றா? பிளியோமைசினுக்குப் பதிலாக நோயாளிக்கு ஏற்றும் மருந்தாக இந்த வளையங்கள் வரவில்லை. சோதனைக்குழாயில் வெற்றி பெற்றது உடலுக்குள் ஏன் தடுமாறுகிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியே. நீச்சல் குளத்து உப்பை இரத்தத்தில் ஏற்ற முடியாது. நான்கு நேர்மின்னேற்றங்கள் உள்ள மூலக்கூறு உயிரணுவின் கொழுப்புச் சவ்வைத் தாண்டுவது கடினம். தாண்டினாலும், எதிர்மின்னேற்றம் உள்ள மற்றப் பொருள்களும் அதை இழுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று அடினைன்-தைமின் இணைகள் என்பது நம் டி.என்.ஏ.யில் எங்கும் இருக்கும் வரிசை. புற்றுநோய் உயிரணுவிலும் உண்டு, நல்ல உயிரணுவிலும் உண்டு. கத்தி கூர்மையானது, யாரை வெட்டுவது என்று அதற்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழலாம். கீரையிலும் இரத்தத்திலும் இதே வளையம் இருக்கிறதே, நம் டி.என்.ஏ. அறுந்துபோகாதா? அஞ்ச வேண்டாம். பச்சையத்தில் நேர்மின்னேற்றக் கைகள் இல்லை. அதன் மக்னீசியம் மாங்கனீசைப் போல ஆக்சிஜனைத் தூக்கி நிறுத்தாது. இரத்தத்தின் ஹீமோ புரதத்தின் மடிப்புக்குள் பத்திரமாக மூடப்பட்டிருக்கிறது. சிவப்பணு உடைந்து ஹீம் தனியாக வெளிவந்தால் அது தீங்கு செய்யக்கூடியதே. ஆகவே அதைப் பிடித்து அடக்குவதற்கு இரத்தத்தில் தனிப் புரதங்களையும், அதைச் சிதைப்பதற்குத் தனி நொதியையும் உடல் வைத்திருக்கிறது.

காப்பாற்றும் பக்கமும் ஒன்று உண்டு. பச்சையத்தின் மக்னீசியத்தை எடுத்துவிட்டுச் செம்பு வைத்துத் தண்ணீரில் கரையும்படி செய்ததற்குக் குளோரோஃபில்லின் என்று பெயர். பூஞ்சைபிடித்த நிலக்கடலையிலும் சோளத்திலும் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு, ஈரலுக்குப் போய் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்திப் புற்றுநோய்க்கு வழிசெய்கிறது. சீனாவில் கிடோங் என்ற வட்டாரத்தில் 180 பேரைக் கொண்டு நான்கு மாதம் நடத்தி, 2001-இல் வெளியிட்ட சோதனையில், நாளுக்கு மூன்று முறை 100 மில்லிகிராம் குளோரோஃபில்லின் உண்டவர்களின் சிறுநீரில் அந்தச் சேதத்தின் அடையாளம் 55 விழுக்காடு குறைந்திருந்தது. தட்டையான வளையம் தட்டையான நஞ்சோடு ஒட்டிக்கொண்டு, அது குடலில் உறிஞ்சப்படாமல் தடுப்பதே காரணம் எனக் கருதுகிறார்கள். இதைச் சாக்காக வைத்துச் சர்வரோக நிவாரணியென்று பச்சைய பானம் விற்பவர்கள் வீடு தேடி வருவார்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

யாரை வெட்டுவது என்ற சிக்கலுக்கு ஒரு விடை ஒளியிலிருந்து கிடைத்தது. போர்ஃபிரின் மேல் ஒளி பட்டால், அது விழுங்கிய சக்தியை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுத்து அதைத் தீவிரமாக்கும். உலோகம் இல்லாத வளையமும் துத்தநாக வளையமும் இதை நன்றாகச் செய்யும். ஒளி படும்போது டி.என்.ஏ.யைச் சேதப்படுத்தவும் செய்யும். செம்பு வளையமோ விழுங்கிய சக்தியை விரைவில் வெப்பமாக்கி வீணடித்துவிடும். இருட்டில் சும்மா இருக்கும் மருந்தை, விளக்கு காட்டிய இடத்தில் மட்டும் வேலை செய்யவைக்கலாம் அல்லவா? ஃபோட்டோஃபிரின் என்னும் உலோகமற்ற போர்ஃபிரின் மருந்து 1993-இல் கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியால் அதை இயக்குகிறார்கள். பலேடியம் என்னும் உலோகத்தை வைத்த இன்னொரு மருந்து 2017-இல் ஐரோப்பாவில் சிலவகை விந்துச்சுரப்பிப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. இவை பெரும்பாலும் டி.என்.ஏ.யைத் தேடிப்போய் வெட்டுவதில்லை. முதலாவது உயிரணுவின் சவ்வுகளையும், இரண்டாவது கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களையும் கெடுக்கின்றன. ஃபோட்டோஃபிரின் ஏற்றிக்கொண்டவர் குறைந்தது 30 நாளாவது வெயிலில் தலைகாட்டக் கூடாது. நம் நாட்டு வெயிலில் அது எவ்வளவு பெரிய கட்டுப்பாடு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மற்றொரு விடை டி.என்.ஏ.யின் வடிவத்திலிருந்தே வந்துகொண்டிருக்கிறது. நம் குரோமோசோம்களின் நுனியில் குவானைன் மிகுந்த வரிசை ஒன்று திரும்பத்திரும்ப வருகிறது. அங்கே நான்கு குவானைன்கள் ஒரு சதுரமாகக் கூடி, சதுரத்தின் மேல் சதுரமாக அடுக்கிக்கொள்ள முடியும். நான்கு இதழ் கொண்ட நம் வளையத்துக்கும் அந்தச் சதுரத்துக்கும் அளவு ஏறத்தாழப் பொருந்துகிறது. பெரும்பாலான புற்றுநோய் உயிரணுக்கள் இந்த நுனியை நீட்டிக்கொண்டே போவதால்தான் ஓயாமல் பெருகுகின்றன. நுனியை நீட்டும் நொதியை இந்தப் போர்ஃபிரின் தடுக்கிறது என்று 1998-இல் தெரியவந்தது. ஆனால் அது சாதாரண ஏணியிலும் ஒட்டிக்கொண்டது. அதே பழைய சிக்கல். 2007-இல் துலூஸ் நகர ஆய்வாளர்கள் நீண்ட பருமனான கைகளோடு ஐந்து நேர்மின்னேற்றங்கள் கொண்ட ஒரு மாங்கனீஸ் போர்ஃபிரினை உருவாக்கினார்கள். அதன் பருமனால் சாதாரண ஏணியில் அதற்கு இருக்க இடம் கிடைப்பதில்லை. நான்கு இழைச் சதுர அடுக்கின் மேலோ அது நன்றாகப் படிந்து அமர்கிறது. சாதாரண ஏணியோடு ஒட்டுவதைக் காட்டிலும் அந்த அடுக்கோடு 10,000 மடங்கு வலுவாக அது ஒட்டுகிறது என்று அவர்கள் அளந்து அறிவித்தார்கள்.